மைக்ரேன் உள்ளவர்கள் ஹார்மோன் கருத்தடையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மைக்ரேன் இருக்கிற பெண் கருத்தடை மாத்திரை கேட்டுப் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. தலைவலியைப் பற்றி யாரும் கேட்காமலேயே மாத்திரை அட்டை கைக்கு வந்துவிடுகிறது. இல்லையென்றால், "மைக்ரேனா? அப்போ ஹார்மோனே வேண்டாம்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். முதலாவதால் சிலருக்கு உண்மையான ஆபத்து வரலாம். இரண்டாவதால் பலருக்கு நல்ல வழிகள் காரணமே இல்லாமல் கைவிட்டுப் போகின்றன. இந்த இரண்டிலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒரு கேள்விக்குச் சரியான பதில் தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் மைக்ரேனில் 'ஆரா' உண்டா, இல்லையா?

வலி எவ்வளவு கடுமை, மாதத்தில் எத்தனை முறை, வாந்தி வருமா என்பதெல்லாம் சிகிச்சைக்கு முக்கியம். கருத்தடை என்று வரும்போது அவை இரண்டாம் பட்சம்தான். மாதத்தில் பல நாள் படுக்கையில் தள்ளிவிடும் மைக்ரேன் உள்ள ஒருவருக்கு ஒரு மாத்திரை ஒத்துவரலாம். வருடத்துக்கு ஒரே ஒரு முறை, லேசான வலியோடு, கண்ணில் மின்னும் கோடு தெரிந்துவிட்டுப் போகிறவர் அதே மாத்திரையைத் தொடக்கூடாது. பலரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். ஏன் என்று பார்ப்பதற்கு முன், ஆரா என்றால் என்ன என்று தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஆரா எப்படி இருக்கும்

ஏதோ படித்துக்கொண்டிருக்கிறீர்கள். வரியின் நடுவில் ஓர் எழுத்து மட்டும் பிடிபடவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்த இடம் காலியாக இருக்கிறது, அல்லது வெளிச்சத்தை நேராகப் பார்த்துவிட்டுத் திரும்பினால் வருகிற கூச்சம் மாதிரி இருக்கிறது. சில நிமிடங்களில் அந்தப் புள்ளி பெரிதாகிறது. அதன் ஓரத்தில் ரம்பப் பல் போன்ற வளைந்த கோடு மினுமினுக்கிறது. கோடு மெதுவாகப் பார்வையின் ஒரு பக்கமாக விரிந்துகொண்டே போகிறது. கண்ணை மூடினாலும் மறைவதில்லை. இடது கண்ணை மூடினாலும் வலது கண்ணை மூடினாலும் அதே பக்கத்தில்தான் தெரிகிறது, ஏனென்றால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில் பார்வைக்குரிய பகுதியில் இருக்கிறது. இருபது முப்பது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். அதன் பிறகு தலைவலி தொடங்கும். சிலருக்குச் சில சமயம் தலைவலியே வராது. வலி வராவிட்டாலும் அது ஆராதான்.

ஆரா பார்வையில் மட்டும் வருவதில்லை. விரல் நுனியில் சுருசுருவென்று தொடங்கி, கை வழியாக மெல்ல ஏறி, அதே பக்கத்து உதடு, நாக்கு வரை போகும் மரமரப்பும் ஆராதான். சொல்ல நினைத்த வார்த்தை வாயில் வராமல் தடுமாறுவதும் உண்டு. பொதுவாக ஒவ்வொரு அறிகுறியும் 5 நிமிடத்திலிருந்து 60 நிமிடம் வரை இருக்கும்.

இந்த மெதுவான நகர்வுக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1941இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர், தனக்கு வந்த ஆராவைத் தானே வரைந்து வைத்துக் கணக்குப் போட்டார். மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று அவர் ஊகித்தார். 1944இல் அரிஸ்டிடெஸ் லியாவோ என்ற பிரேசில் ஆய்வாளர், விலங்குகளின் மூளையில் அப்படி மெல்லப் பரவும் ஓர் அலையைக் கண்டு எழுதினார். நரம்பு செல்கள் முதலில் தூண்டப்பட்டு, அடுத்து கொஞ்ச நேரம் அடங்கிப்போகும் அலை அது. ஆராவுக்கு இந்த அலைதான் காரணம் என்று இன்று பரவலாக ஏற்கப்படுகிறது.

பக்கவாதத்தையும் ஆராவையும் பிரித்தறியவும் இந்த வேகம் உதவும். ஆரா ஊர்ந்து வரும். பக்கவாதம் பெரும்பாலும் சட்டென்று அடிக்கும். ஆராவில் இல்லாத ஒளியும் கோடும் கூடுதலாகத் தெரியும். பக்கவாதத்தில் பார்வையோ உணர்ச்சியோ பலமோ திடீரென்று போய்விடும். சந்தேகம் இருந்தால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கக்கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு பக்கம், ஆரா என்று தவறாக நினைக்கப்படும் விஷயங்களும் நிறைய. மைக்ரேன் வருவதற்கு முந்தைய நாள் வரும் கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், இனிப்பு தேடுவது ஆகியவை மைக்ரேனின் முன்னோட்டம், ஆரா இல்லை. தலைவலியின்போது வெளிச்சம் பிடிக்காமல் இருட்டறை தேடுவதும் ஆரா இல்லை. சட்டென்று எழுந்தால் ஒரு நொடி கண் இருட்டுவது, வலி உச்சத்தில் இருக்கும்போது இரண்டு கண்ணும் மங்கலாகத் தெரிவது ஆகியவற்றையும் இதில் சேர்க்கக்கூடாது. "கண்ணில் ஏதாவது தெரியுமா?" என்று மருத்துவர் கேட்டால் பலரும் "ஆமாம், வெளிச்சம் கூசும்" என்கிறார்கள். அந்த ஒரு பதிலில் தேவையில்லாமல் ஆரா என்று எழுதப்பட்டுவிடலாம். ஆகவே நான் அழுத்திச் சொல்வது இது: அடுத்த முறை வரும்போது எத்தனை மணிக்குத் தொடங்கியது, எங்கே தொடங்கி எங்கே நகர்ந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, தலைவலி எப்போது வந்தது என்று எழுதிவையுங்கள். கண்ணில் தெரிந்ததைக் கிறுக்கலாகவாவது வரைந்துவிடுங்கள். மருத்துவருக்கு அந்தப் படம் பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும். மைக்ரேன் உள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவரிலிருந்து மூன்றில் ஒருவர் வரை ஆரா வருகிறது. அதாவது பெரும்பாலானவர்களுக்கு அது இல்லை.

பிரச்சினை ஈஸ்ட்ரோஜனில் இருக்கிறது

'ஹார்மோன் மாத்திரை' என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு வகை இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்தது ஒன்று. இதைக் கூட்டு மாத்திரை என்று சொல்லலாம். தோலில் ஒட்டும் பேட்ச், பிறப்புறுப்புக்குள் வைத்துக்கொள்ளும் மெல்லிய வளையம் ஆகியவையும் இதே கூட்டு வகைதான். மற்றது புரோஜெஸ்டின் மட்டும் உள்ள வகை: 'மினி பில்' எனப்படும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில்.

கல்லீரலில் இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களின் உற்பத்தியை ஈஸ்ட்ரோஜன் கூட்டுகிறது. அதனால் இரத்தம் கட்டுவதற்கான வாய்ப்பு கொஞ்சம் ஏறும். ஆராவோடு வரும் மைக்ரேன் ஏற்கெனவே பக்கவாத வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது, அதன் காரணம் இன்னும் முழுமையாகப் புரியவில்லை. இரண்டும் சேரும்போது வாய்ப்பு பெருகிவிடுகிறது.

எவ்வளவு பெருகுகிறது? ஐரோப்பியத் தலைவலி நிபுணர்களும் கருத்தடை நிபுணர்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 20 முதல் 44 வயது வரையுள்ள பெண்களில், மைக்ரேனும் இல்லாமல் ஹார்மோன் கருத்தடையும் எடுக்காதவர்களில் வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் 2.5 பேருக்கு, இரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதம் வருகிறது. ஆராவோடு மைக்ரேன் இருந்து ஹார்மோன் எடுக்காவிட்டால் 5.9. மைக்ரேன் இல்லாமல் ஹார்மோன் கருத்தடை எடுத்தால் 6.3. ஆராவும் இருந்து ஹார்மோன் கருத்தடையும் எடுத்தால் 36.9.

இந்த எண்ணை இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். ஒரு லட்சத்தில் 37 பேர் என்றால், மீதி 99,963 பேருக்கு அந்த வருடம் ஒன்றும் ஆவதில்லை. ஆரா இருப்பது தெரியாமல் இத்தனை வருடம் கூட்டு மாத்திரை போட்டவர் இதைப் படித்துவிட்டுப் பீதியடைய வேண்டாம். ஆனால் இளம் வயதில் வரும் பக்கவாதம் ஒருவரின் பேச்சையும் நடையையும் வாழ்நாள் முழுக்கப் பறித்துவிடக்கூடியது. அதே அளவு நன்றாகக் கர்ப்பத்தைத் தடுக்கும் வேறு வழிகள் இருக்கும்போது அந்த வாய்ப்பை ஏற்றுக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் தயக்கமே கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு கருத்தடை முறைக்கும், ஒவ்வொரு உடல்நிலைக்கும் 1 முதல் 4 வரை எண் கொடுத்து ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. 1 என்றால் தடையே இல்லை. 2 என்றால் நன்மை அதிகம், போடலாம். 3 என்றால் பொதுவாக வேண்டாம், வேறு வழி இல்லாதபோது மட்டும். 4 என்றால் கூடவே கூடாது. 2015இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஆராவோடு மைக்ரேன் உள்ளவர்களுக்குக் கூட்டு வகை எல்லாமே 4. எந்த வயதாக இருந்தாலும் 4. பேட்ச் வயிறு வழியாகப் போவதில்லையே, அது பரவாயில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பேட்சும் வளையமும் இதே 4இல்தான் இருக்கின்றன.

பழைய மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் மிக அதிகம் என்பது உண்மை. 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருத்தடை மாத்திரையில் 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்று பெரும்பாலானவற்றில் 20 முதல் 35 மைக்ரோகிராம்தான். அளவு இவ்வளவு குறைந்த பிறகும் 4 என்ற எண் தேவையா என்று தலைவலி நிபுணர்களில் சிலர் கேட்கிறார்கள். அந்த விவாதம் நடக்கட்டும். முடிவு வரும்வரை விதிதான் பாதுகாப்பு.

ஆரா இல்லையென்றால்

ஆரா இல்லாத மைக்ரேனுக்குக் கூட்டு மாத்திரை மூடிய கதவு இல்லை. 35 வயதுக்குக் கீழே இருந்தால் புதிதாகத் தொடங்குவதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் எண் 2. 35க்கு மேல் என்றால் 3. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமோ ஆரா இல்லாத மைக்ரேனுக்கு வயது பார்க்காமல் 2 கொடுக்கிறது. ஒரே கேள்விக்கு இரண்டு மருத்துவர்கள் வேறு வேறு பதில் சொன்னால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் மைக்ரேனை மட்டும் தனியாகப் பார்த்து முடிவெடுக்க முடியாது. புகைபிடிக்கிறீர்களா? இரத்த அழுத்தம் எவ்வளவு? சர்க்கரை உண்டா? காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியதுண்டா? குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் அப்படி ஆனதா? இரத்த அழுத்தம் பார்க்காமல் யாராவது கூட்டு மாத்திரை எழுதிக்கொடுத்தால், "பிரஷர் பார்த்துவிடுங்களேன்" என்று நீங்களே கேளுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

ஆரா இல்லாதவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. வழக்கமான மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். 21 ஹார்மோன் மாத்திரை, அடுத்த 7 நாள் வெறும் மாத்திரை அல்லது இடைவெளி. அந்த ஏழு நாளில் உடலில் ஈஸ்ட்ரோஜன் சரசரவென்று இறங்குகிறது. மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரை சிலருக்குத் தவறாமல் மைக்ரேன் வருவதற்கும் இந்த இறக்கம்தான் காரணம். மாத்திரை போடுகிறவருக்கு அது அட்டையின் கடைசி வரிசையில் வந்து நிற்கும். "மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து தலைவலி" என்று வருகிறவர்களிடம், அட்டையில் எந்த வரிசை போகும்போது வலிக்கிறது என்று கேட்டால் பல சமயம் விஷயம் புரிந்துவிடும்.

அதற்கு வழி இருக்கிறது. இடைவெளியைக் குறைக்கலாம், உதாரணமாக 24 நாள் ஹார்மோன், 4 நாள் இடைவெளி. அல்லது இடைவெளியே விடாமல் அட்டை அட்டையாகத் தொடர்ந்து போடலாம். அந்த ஏழு நாளில் வரும் இரத்தப்போக்கு இயற்கையான மாதவிடாய் இல்லை, ஹார்மோன் நின்றதால் வருவது. அதைத் தள்ளிப்போடுவதால் அழுக்கு இரத்தம் உள்ளே தங்கிவிடும் என்ற பயம் வேண்டாம். கருப்பையின் உள்சுவர் தடிக்காமல் மெல்லியதாகவே இருக்கிறது, தங்குவதற்கு அங்கே எதுவும் சேர்வதில்லை. இதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், எல்லா அட்டையும் ஒரே மாதிரி இல்லை.

முதல் சில மாதங்களில் தலைவலி கொஞ்சம் கூடிப் பிறகு அடங்குவதும் உண்டு. ஆனால் வாராவாரம் கூடிக்கொண்டே போனால் காத்திருக்க வேண்டாம்.

ஈஸ்ட்ரோஜன் வேண்டாம் என்றால் என்னென்ன இருக்கிறது

ஆரா உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, 35 தாண்டிப் புகைபிடிப்பவர்களுக்கும் பிரஷர் உள்ளவர்களுக்கும் பேச்சு இங்கேதான் தொடங்க வேண்டும்.

புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரைகளில் டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் உள்ளது எனக்குப் பிடித்த தேர்வு. பழைய மினி பில்லைத் தினமும் அதே நேரத்தில், 3 மணி நேரத்துக்கு மேல் பிந்தாமல் போட வேண்டும். டெசோஜெஸ்ட்ரலில் 12 மணி நேரம் வரை பிந்தலாம். கருமுட்டை வெளியாவதையே இது நிறுத்துகிறது, நடுவில் இடைவெளி இல்லை, ஆகவே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும் ஆட்டமும் அடங்குகிறது. சிறிய ஆய்வுகளில் மைக்ரேன் வரும் நாட்கள் குறைந்ததாகவே தெரிகிறது. ஆனால் எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல முடியாது, சிலருக்குத் தலைவலி கூடியும் இருக்கிறது. இரத்தப்போக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாமல் போவது இதன் பெரிய குறை. நின்றும் போகலாம், சொட்டுச் சொட்டாக வந்துகொண்டும் இருக்கலாம். டிரோஸ்பிரினோன் 4 மில்லிகிராம் உள்ள மாத்திரையும் இந்த வகைதான். அதில் 24 நாள் மருந்து, 4 நாள் வெறும் மாத்திரை.

தினமும் ஞாபகம் வைப்பது கஷ்டம் என்றால் மற்ற மூன்றையும் பாருங்கள். கையில் வைக்கும் குச்சி தீப்பெட்டிக் குச்சி அளவுதான் இருக்கும், 3 வருடம் வேலை செய்யும். ஹார்மோன் காயில் கருப்பையிலேயே மருந்தை விடுவதால் இரத்தத்தில் கலப்பது குறைவு. மாதவிடாயில் அதிகம் போகிறவர்களுக்கு அது இரட்டை லாபம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு கருமுட்டை வழக்கம்போல வெளியாகிக்கொண்டே இருக்கும், எனவே மாதவிடாயையொட்டி வரும் மைக்ரேனை இது தடுக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. மூன்று மாத ஊசியை நிறுத்திய பிறகு மறுபடி கருத்தரிக்கப் பல மாதம் ஆகலாம். நீண்ட காலம் போட்டால் எலும்பின் அடர்த்தி சற்றுக் குறையும். சீக்கிரம் குழந்தை வேண்டும் என்று திட்டம் இருப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஆரா உள்ளவர்கள் இந்த வகைகளைத் தொடங்க உலக சுகாதார நிறுவனம் 2 கொடுக்கிறது. ஹார்மோனே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குக் காப்பர் டி இருக்கிறது. ஆரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு 1. மாதவிடாய் சற்று அதிகமாகவும் வலியோடும் போகலாம், அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நெருக்கடியில் போடும் அவசர மாத்திரை ஆரா உள்ளவர்களுக்கும் கொடுக்கப்படுகிறது. லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் உள்ளதில் ஈஸ்ட்ரோஜனே கிடையாது.

மைக்ரேனுக்குப் போடும் மருந்தையும் சொல்லுங்கள்

மைக்ரேன் வராமல் தடுக்கத் தினமும் போடும் மருந்துகளில் டோபிராமேட் ஒன்று. கல்லீரல் ஹார்மோனை வேகமாக உடைத்துத் தள்ளும்படி அது செய்கிறது, முக்கியமாக அளவு கூடும்போது. அதனால் கூட்டு மாத்திரை, மினி பில், கையில் வைக்கும் குச்சி ஆகியவற்றின் பலம் குறையலாம். கர்ப்பத்தில் குழந்தைக்குக் கேடு செய்யக்கூடிய மருந்தும் அதுவே. கருத்தடை தோற்றுப்போகக் கூடாத நேரத்தில் தோற்கும் வாய்ப்பு கூடுகிறது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். டோபிராமேட் போடுகிறவர்களுக்குக் காப்பர் டி, ஹார்மோன் காயில், மூன்று மாத ஊசி ஆகியவை பலம் குறையாமல் வேலை செய்யும். மைக்ரேனைத் தடுக்கக் கொடுக்கப்படும் இன்னொரு மருந்தான வால்புரோயேட் போடுகிறவர்களும் கருத்தடையில் எந்த ஓட்டையும் விடக்கூடாது, கருவில் இருக்கும் குழந்தைக்கு அது இன்னும் மோசமானது. தலைவலிக்கு ஒரு மருத்துவர், கருத்தடைக்கு வேறொரு மருத்துவர் என்று இருக்கும்போது இது நழுவிவிடும். இரண்டு பேரிடமும் மருந்துச் சீட்டு முழுவதையும் காட்டுங்கள்.

மாத்திரை போடும்போது முதல் முறையாக ஆரா வந்தால்

கூட்டு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது, இதுவரை இல்லாத மின்னும் கோடோ, கையில் ஏறும் மரமரப்போ வந்தால் அது என்னவென்று அன்றைக்கே ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். முதல் முறை வருவது ஆராவா வேறு ஏதாவதா என்று வீட்டில் முடிவு செய்ய முடியாது. ஆராதான் என்றால் அந்த மாத்திரை அத்தோடு நிற்க வேண்டும். அட்டையை முடித்துவிட்டு நிறுத்தலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். பேட்ச் என்றால் உரித்துவிடுங்கள், வளையம் என்றால் எடுத்துவிடுங்கள். வேறு கருத்தடை முறை கைக்கு வரும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். கடந்த சில நாட்களில் உறவு நடந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், நடுவில் நிறுத்தியதால் அவசர மாத்திரை தேவையா என்று அவர் பார்ப்பார். முகம் ஒரு பக்கம் கோணுவது, கை திடீரென்று தளர்வது, பேச்சு குழறுவது, வாழ்நாளில் இல்லாத கடும் தலைவலி சட்டென்று அடிப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

புரோஜெஸ்டின் வகை எடுக்கும்போது புதிதாக ஆரா வந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதைத் தொடர்வதா என்று அவர் மறுபடி யோசிப்பார். ஏற்கெனவே ஆரா இருந்து, அது தெரிந்தே இந்த வகையைத் தொடங்கியவருக்கு வழக்கமான ஆராவே வழக்கம்போல வந்தால் உடனே நிறுத்த வேண்டியதில்லை. முன்பைவிட அடிக்கடி வருகிறதா, நீண்ட நேரம் இருக்கிறதா, வேறு மாதிரி தெரிகிறதா என்று குறித்துவைத்து, அடுத்த முறை போகும்போது அந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.